அடைப்பை மீறும் நிரல்கள்: 'வி.எம்.2' தரும் படிப்பினை

நம்பகத்தன்மை உறுதி செய்யப்படாத கணினி நிரல்களை ஆபத்தின்றி இயக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மென்பொருள் தொகுப்பில், அந்த நிரல்கள் தப்பி வெளியேற வழிசெய்யும் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு இருப்பது 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கண்டறியப்பட்டது.

ஜாவாஸ்கிரிப்ட் கணினி மொழியில் பயன்படும் அந்தத் தொகுப்பின் பெயர் 'வி.எம்.2'. குறைபாட்டைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ஆக்ஸ்ஐ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள்.

அதே மாத இறுதியில் திருத்தப்பட்ட பதிப்பு வெளியானது. அக்டோபர் மாதத்தில் விவரங்கள் பகிரங்கப்படுத்தப்பட்டன. பிரச்சினை அத்துடன் முடிந்துவிடவில்லை. அடுத்த ஓராண்டுக்குள் அதே தொகுப்பில் மேலும் பல ஓட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளிவந்தன. 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அதனைப் பராமரித்து வந்தவர்கள் பணியை நிறுத்திக்கொள்வதாகவே அறிவித்தார்கள்.

ஒரு கணினி மொழிக்கு உள்ளேயே, அதே மொழியைக் கொண்டு கட்டப்படும் பாதுகாப்பு வேலி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற பழைய கேள்வியை இந்த நிகழ்வுகள் மீண்டும் முன்னிறுத்தின.

சாண்ட்பாக்ஸ் என்பது என்ன?

குழந்தைகள் விளையாடுவதற்காக மணல் நிரப்பி வைக்கப்படும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே சாண்ட்பாக்ஸ். பெட்டிக்குள் குழந்தை எதைக் கட்டினாலும் எதை இடித்தாலும் வீட்டுக்குச் சேதமில்லை.

கணினித் துறையில் இச்சொல், ஒரு நிரலை அடைத்து வைத்து இயக்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் நிரல் கணக்குகளைப் போடலாம், எழுத்துகளைக் கோத்து வாக்கியம் அமைக்கலாம். ஆனால் கணினியில் உள்ள கோப்புகளைத் திறக்கவோ, வலையமைப்பின் வழியே வேறு கணினிகளைத் தொடர்புகொள்ளவோ, புதிய நிரல்களைத் தொடங்கவோ அதற்கு அனுமதி கிடையாது.

இத்தகைய ஏற்பாட்டின் தேவை அன்றாட இணையப் பயன்பாட்டில் பரவலாக உள்ளது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் தமது நிரலை இணையப் பக்கத்திலேயே இயக்கிப் பார்க்கிறார்கள். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்கள் எழுதும் சிறு நிரல்களையும் சூத்திரங்களையும் தமது சர்வர் கணினிகளில் இயக்கித் தருகின்றன. கணினி விளையாட்டுகளில் விளையாடுவோரே எழுதிச் சேர்க்கும் நிரல்கள் இடம்பெறுகின்றன.

இவை எல்லாவற்றிலும் முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரல், இன்னொருவருக்குச் சொந்தமான கணினியில் இயங்குகிறது. ஆயிரம் பேர் நல்லெண்ணத்துடன் எழுதினாலும், ஒருவர் மட்டும் வேறு நோக்கத்துடன் எழுதுவது போதுமானது.

மொழிக்குள் எழுப்பப்பட்ட வேலி

ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால், இணைய உலாவிகளுக்குள் இயங்குவதற்காக உருவாக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள், அதே மொழியைச் சர்வர் கணினிகளிலும் இயங்கச் செய்தது.

உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு, கணினியின் கோப்புகளை விருப்பம்போல் தொடும் உரிமை இல்லை. நோட்.ஜேஎஸ் வழியாக இயங்கும் நிரலுக்கு அத்தகைய உரிமை வழக்கமாக உண்டு. சர்வர் வேலைக்கு அது தேவையும் கூட.

நோட்.ஜேஎஸ்ஸுடன் 'வி.எம்' என்ற உள்ளமைந்த தொகுப்பு ஒன்றும் வருகிறது. ஒரு நிரலைத் தனியான சூழலில் இயக்க அது உதவுகிறது. ஆனால் அது பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல என்றும், நம்பத்தகாத நிரல்களை அதில் இயக்கக் கூடாது என்றும் நோட்.ஜேஎஸ்ஸின் அதிகாரபூர்வ ஆவணங்களே எச்சரிக்கின்றன.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அமைப்பில் இருக்கிறது. இம்மொழியில் பட்டியல்கள், தரவுத் தொகுதிகள், ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் செயற்கூறுகள் என ஏறத்தாழ எல்லாமே 'ஆப்ஜெக்ட்' எனப்படும் வடிவில் இருக்கின்றன. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னை உருவாக்கியது எது என்ற குறிப்பைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது.

அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே சென்றால் அதனை உருவாக்கிய செயற்கூறு கிடைக்கும். இன்னொரு படி சென்றால், செயற்கூறுகளையே புதிதாக உருவாக்கித் தரும் செயற்கூறு கிடைக்கும்.

எனவே, அடைப்புக்கு வெளியே உருவான ஒரேயொரு ஆப்ஜெக்ட் உள்ளே இருக்கும் நிரலின் கைக்குக் கிடைத்துவிட்டால், அந்த நிரல் இந்தச் சங்கிலியைப் பற்றி ஏறி வெளியுலகை அடைந்துவிடலாம். அங்கிருந்து கணினிக்குக் கட்டளை இடுவது எளிது.

இந்த வழியை அடைப்பதற்காகவே வி.எம்.2 எழுதப்பட்டது. அடைப்பின் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் அது ஓர் உறைக்குள் இட்டு அனுப்பியது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'ப்ராக்ஸி' என்ற வசதி இதற்குப் பயன்பட்டது.

உள்ளே இருக்கும் நிரல் உறையைத்தான் தொடும். அது கேட்பதை உறை பரிசீலித்து, அனுமதிக்கத் தக்கதை மட்டும் தரும். கொள்கை அளவில் இது சிறப்பான ஏற்பாடு. உறையில்லாமல் எதுவும் எல்லையைக் கடக்கக் கூடாது என்பதே அதன் ஒரே நிபந்தனை.

ஓட்டை இருந்த இடம்

ஆக்ஸ்ஐ ஆய்வாளர்கள் உறையில்லாமல் எல்லையைக் கடக்கும் ஒரு வழியைக் கண்டார்கள். நிரலில் பிழை ஏற்படும்போது நிகழ்வதைக் கவனித்ததன் மூலம் அவர்கள் அதனைக் கண்டறிந்தார்கள்.

ஒரு நிரல் பிழையால் தடைப்படும்போது, அந்தக் கணத்தில் எந்தச் செயற்கூறு எதனை அழைத்திருந்தது என்ற வரிசை, நிரலாளரின் வசதிக்காகத் தொகுக்கப்படுகிறது. நோட்.ஜேஎஸ்ஸின் உள்ளே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குவது கூகுள் உருவாக்கிய வி8 என்ற எந்திரம். பிழை அறிக்கை எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதை நிரலாளரே தீர்மானிக்க வி8 இடமளிக்கிறது.

அதற்காக நிரலாளர் ஒரு செயற்கூற்றை எழுதி வைத்தால், பிழை நேரும்போது வி8 அதனை அழைத்து, அழைப்பு வரிசையின் ஒவ்வொரு கட்டத்தையும் பற்றிய விவரங்களை ஆப்ஜெக்டுகளாகக் கையளிக்கிறது. அந்த வரிசையில் அடைப்புக்கு உள்ளே நிகழ்ந்த அழைப்புகளும் உண்டு, வெளியே நிகழ்ந்தவையும் உண்டு.

இந்த ஆபத்தை வி.எம்.2 எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள். மொழியுடன் வரும் 'எரர்' என்ற ஆப்ஜெக்டுக்கும், அதனுடன் இணைந்த அறிக்கை வசதிக்கும் அவர்கள் உறையிட்டிருந்தார்கள்.

ஆனால் உள்ளே இருக்கும் நிரல், 'எரர்' என்ற அதே பெயரில் தனக்கென வேறோர் ஆப்ஜெக்டை உருவாக்கி, பழையதன் இடத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் புதிய ஆப்ஜெக்டுக்கு உறை கிடையாது. வி8 எந்திரமோ வழக்கம்போல் விவரங்களை அதனிடம் கையளித்தது. அடைப்புக்கு வெளியே உருவான ஆப்ஜெக்ட் ஒன்று இவ்விதம் நேரடியாக உள்ளே வந்து சேர்ந்தது.

எல்லையைக் கண்காணிக்கும் காவல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதப்படும் தளத்தில் இருந்தது. பொருளைக் கடத்தி உள்ளே கொடுத்ததோ, அதற்கும் அடியில் இயங்கும் எந்திரம். காவலுக்கு அது தெரியவே இல்லை.

பத்துக்குப் பத்து

பகிரங்கப்படுத்தப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு 'சி.வி.இ' என்ற பொதுப் பட்டியலில் எண் வழங்கப்படுவது 1999 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தக் குறைபாட்டுக்குக் கிடைத்த எண் சி.வி.இ-2022-36067. கண்டறிந்தவர்கள் இதற்கு 'சாண்ட்பிரேக்' என்று பெயரிட்டார்கள்.

குறைபாட்டின் கடுமையை 0 முதல் 10 வரை அளவிடும் சி.வி.எஸ்.எஸ் என்ற அளவுகோலில் இது 10 புள்ளிகளைப் பெற்றது. அதற்கு மேல் கொடுக்க இடமில்லை.

இதற்கான காரணம் கவனிக்கத்தக்கது. அந்த அளவுகோலின் 3 ஆம் பதிப்பு, குறைபாடு உள்ள பகுதிக்கு அப்பாலும் பாதிப்பு பரவுமா என்று தனியாகக் கேட்கிறது. அடைப்பு உடையும்போது கெடுவது அடைப்பு மட்டும் அன்று. அதனை நம்பி வைக்கப்பட்டிருந்த மொத்தக் கணினியும் அந்நியர் கட்டுப்பாட்டுக்குள் செல்லக் கூடும்.

வி.எம்.2 மாதந்தோறும் 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான முறை பதிவிறக்கம் செய்யப்பட்டு வந்ததாக ஆக்ஸ்ஐ நிறுவனம் தெரிவித்தது. தானியங்கி முறையில் திரும்பத் திரும்ப நிகழும் பதிவிறக்கங்களும் இத்தகைய கணக்குகளில் அடங்கும் என்பதால், அத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆயினும் தொகுப்பு எவ்வளவு பரவலாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது ஓர் அறிகுறி.

பாதிப்பு எப்படிப் பரவும் என்பதற்கு 'பேக்ஸ்டேஜ்' ஓர் எடுத்துக்காட்டு. இசைச் சேவை நிறுவனமான ஸ்பாட்டிஃபை உருவாக்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளை, தமது நிரலாளர்களின் பணிகளை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்துவதற்காகப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதில் மாதிரி வடிவங்களைக் கையாளும் பகுதி, வி.எம்.2 அடைப்புக்குள் இயங்கியது.

உள்ளே இருந்த வேலி பழுதானதும், வெளியே இருந்த கட்டடமும் பழுதானதாயிற்று. பேக்ஸ்டேஜில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு 9.8 புள்ளிகள் வழங்கப்பட்டன. அதுவும் 2022 ஆகஸ்ட் மாத இறுதியில் சரிசெய்யப்பட்டது. பேக்ஸ்டேஜைப் பயன்படுத்திய பலருக்கு, தாம் வி.எம்.2 மீதும் தங்கியிருக்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்றை அடைத்தால் மற்றொன்று

2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் வி.எம்.2-இல் மூன்று கடுமையான குறைபாடுகள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. 3.9.15, 3.9.16, 3.9.17 ஆகிய பதிப்புகள் ஒரே மாதத்தில் அவற்றைச் சரிசெய்ய வெளியாயின. இவற்றில் சிலவற்றைக் கண்டறிந்தவர்கள் தென்கொரியாவின் கைஸ்ட் உயர் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள்.

முதலாவது குறைபாடு, உடனடியாக முடியாமல் பின்னர் நிறைவேறும் செயல்களில் நேரும் பிழைகள் தொடர்பானது. மற்ற இரண்டும், வெளியே உண்டான பிழை அறிக்கைகள் உறையிடப்படாமல் உள்ளே வந்துசேர்வது தொடர்பானவை.

மே மாதத்தில் மற்றொரு கடுமையான குறைபாடு வெளிவந்து, 3.9.18 பதிப்பில் திருத்தப்பட்டது. இம்முறை, உறையிடுவதற்கே பயன்பட்ட ப்ராக்ஸி வசதியின் எதிர்பாராத நடத்தை ஒன்று தப்பிக்கும் வழியாயிற்று.

ஜூலை மாதத்தில் மேலும் இரண்டு வெளிவந்தன. அப்போதுதான் பராமரிப்பை நிறுத்தும் அறிவிப்பும் வந்தது. தொகுப்பில் கடுமையான பாதுகாப்புப் பிரச்சினைகள் இருப்பதாகவும், அதனை நடைமுறைப் பயன்பாட்டில் வைத்திருக்கக் கூடாது என்றும் அதன் பக்கத்திலேயே குறிப்பிடப்பட்டது. வேறு அடிப்படையில் அமைந்த 'ஐசோலேட்டட்-வி.எம்' என்ற தொகுப்புக்கு மாறுமாறு பயன்பாட்டாளர்களுக்கு ஆலோசனையும் கூறப்பட்டது.

2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வி.எம்.2 மீண்டும் புதிய பதிப்புகளைக் கண்டது. ஆனால் 2026 ஜனவரியில் அவற்றிலும் அடைப்பை மீறும் கடுமையான குறைபாடு ஒன்று அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது.

இதனை அத்தொகுப்பை எழுதியவர்களின் திறமைக் குறைவாகக் கருதுவது பொருத்தமாகாது. கண்டறியப்பட்ட ஓட்டைகளை அவர்கள் விரைவாகவே அடைத்து வந்தார்கள். மற்றக் கணினி மொழிகளின் வரலாற்றைப் பார்த்தால், இதே முயற்சியில் மிகப் பெரிய நிறுவனங்களும் தோல்வி கண்டிருப்பது தெரியவரும்.

ஜாவாவின் அனுபவம்

1995 ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை அறிமுகப்படுத்தியபோது, இணையத்திலிருந்து வந்து உலாவிக்குள் இயங்கும் 'ஆப்லெட்' என்ற சிறு நிரல்கள் பெரும் கவர்ச்சியாக இருந்தன. அவை சாண்ட்பாக்ஸுக்குள் இயங்குவதால் ஆபத்தில்லை என்று கூறப்பட்டது.

மறு ஆண்டே, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரூ டீன், எட்வர்ட் ஃபெல்டன், டான் வாலக் ஆகியோர் அந்த அடைப்பில் பல ஓட்டைகள் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள்.

2012 ஆம் ஆண்டில் 'ஃபிளாஷ்பேக்' என்ற தீங்கு நிரல், ஜாவாவின் அடைப்பை மீறும் குறைபாடு ஒன்றைப் பயன்படுத்தி ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் பரவியது. சுமார் 6 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. 2013 ஜனவரியில் வேறொரு குறைபாடு வெளியானபோது, உலாவிகளில் ஜாவாவைச் செயலிழக்கச் செய்யுமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினி அவசரநிலைப் பிரிவு பொதுமக்களுக்கு ஆலோசனை கூறியது.

ஜாவாவில் இத்தகைய கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்தி வந்த பகுதிக்கு 'செக்யூரிட்டி மேனேஜர்' என்று பெயர். அதனைக் கைவிடும் முடிவு 2021 ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஜாவா 17 பதிப்பில் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் வெளியான ஜாவா 24 பதிப்பில் அது நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கால முயற்சி இவ்வாறு முடிவுக்கு வந்தது.

பைத்தானும் பெர்லும்

பைத்தான் மொழியுடன் ஒரு காலத்தில் 'ரெக்செக்' என்ற தொகுப்பு வழங்கப்பட்டது. நம்பத்தகாத நிரல்களைக் கட்டுப்பாட்டுடன் இயக்குவதே அதன் பணி. பைத்தான் 2.2 பதிப்பில் மொழியின் உள்ளமைப்பில் செய்யப்பட்ட மாற்றங்கள் அந்தக் கட்டுப்பாட்டைப் பயனற்றதாக்கின. 2003 ஆம் ஆண்டில் வெளியான 2.3 பதிப்பில் ரெக்செக் முடக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் வெளியான 3.0 பதிப்பில் அது அடியோடு நீக்கப்பட்டது.

பின்னர், பைத்தான் மொழியின் மையக் குழுவைச் சேர்ந்த விக்டர் ஸ்டின்னர், 'பைசாண்ட்பாக்ஸ்' என்ற தொகுப்பை எழுதினார். பல தாக்குதல்களைச் சந்தித்துத் திருத்தங்கள் செய்த பிறகு, 2013 ஆம் ஆண்டில் அவரே அதன் அடிப்படை வடிவமைப்பே தவறானது என்று அறிவித்தார்.

அவர் வந்தடைந்த முடிவின் சாரம் இதுதான்: பைத்தானுக்குள் ஓர் அடைப்பை வைப்பது பிழையான அணுகுமுறை. பைத்தானையே ஓர் அடைப்புக்குள் வைப்பதுதான் சரியானது.

பெர்ல் மொழியில் 'சேஃப்' என்ற தொகுப்பு இதே நோக்கத்துக்காக இருந்து வருகிறது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல், தனக்குள் பெர்ல் நிரல்களை இயக்குவதற்கு அதனை நம்பியிருந்தது. சேஃப் தொகுப்பின் குறைபாடுகள் வெளிவந்ததை அடுத்து, அதனை இனி நம்புவதற்கில்லை என்று கூறி, 2010 மே மாதத்தில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் குழுவினர் வேறு வழிமுறைக்கு மாறினார்கள்.

கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் தொகுப்பிலும் ஓர் அடைப்பு இருந்தது. அது மீண்டும் மீண்டும் மீறப்பட்டது. 2016 டிசம்பரில் வெளியான 1.6 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதனைப் பாதுகாப்பு அரண் என்று நிரலாளர்கள் தவறாக எண்ணிக்கொள்வதே பெரிய ஆபத்து என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களில் ஒன்று.

ஏன் இந்தத் தோல்வி?

வெவ்வேறு மொழிகள், வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு காலங்கள். ஆனால் முடிவு ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இந்த மொழிகள் நெகிழ்வுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு நிரல் தன்னையே ஆராயவும், மொழியுடன் வரும் வசதிகளையே மாற்றி எழுதவும் அவை இடம் கொடுக்கின்றன. நிரலாளருக்கு வசதியான அதே தன்மை, தப்பிக்க நினைப்பவருக்கும் வசதியாகிறது.

இரண்டாவது, மொழி வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதிய பதிப்பில் புதிய வசதி சேர்க்கப்படும்போது, எல்லையைக் கடப்பதற்கான புதிய வழியும் சேரக் கூடும். வேலி கட்டுபவர் எல்லா வழிகளையும் எல்லா நேரத்திலும் அடைக்க வேண்டும். தப்பிப்பவருக்கு ஒரு வழி போதும்.

மூன்றாவது, காவலும் கைதியும் ஒரே நினைவகத்தில், ஒரே எந்திரத்தின் மீது இயங்குகிறார்கள். அந்த எந்திரத்திலேயே பிழை இருந்தால், அதன் மீது எழுதப்பட்ட விதிகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது காரணத்துக்கு அண்மைய எடுத்துக்காட்டு, ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அதற்குள் லூவா மொழி நிரல்கள் அடைப்பில் இயங்குகின்றன. லூவாவை இயக்கும் பகுதியின் நினைவகக் கையாளுகையில் பிழை ஒன்று சுமார் 13 ஆண்டுகளாக மறைந்திருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. அடைப்பை மீறிச் சர்வர் கணினியையே கைப்பற்ற வழிசெய்யக் கூடிய இக்குறைபாட்டுக்கும் 10 புள்ளிகளே வழங்கப்பட்டன.

வெளியே அமையும் வேலி

இதற்கு மாற்றாக நிபுணர்கள் பரிந்துரைப்பது, காவலை மொழிக்கு வெளியே, அதற்கும் கீழான தளத்தில் அமைப்பதாகும்.

கணினியின் இயங்குதளம் ஒவ்வொரு நிரலையும் தனித்தனிச் செயல்முறையாக, தனித்தனி நினைவகத்துடன் இயக்குகிறது. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொடாதபடி தடுப்பதில் கணினியின் வன்பொருளும் துணைபுரிகிறது. நம்பத்தகாத நிரலைத் தனிச் செயல்முறையில் வைத்து, அதன் உரிமைகளை இயங்குதளமே பறித்துவிட்டால், உள்ளே மொழியின் விதிகளை மீறினாலும் அது அடைவது வெறும் சுவரைத்தான்.

லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள 'செக்காம்ப்' என்ற வசதி, ஒரு செயல்முறை இயங்குதளத்திடம் எவற்றைக் கேட்கலாம் என்பதை வரையறுக்கிறது. 2008 ஆம் ஆண்டில் வெளியான கூகுள் குரோம் உலாவி, இணையப் பக்கங்களை உரிமை குறைக்கப்பட்ட தனிச் செயல்முறைகளில் இயக்கும் வடிவமைப்புடன் வந்தது.

இன்னும் ஒரு படி மேலாக, ஒவ்வொரு நிரலையும் ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் இயக்கலாம். அமேசான் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபயர்கிராக்கர்' இவ்வகையைச் சேர்ந்தது. வெப்அசெம்பிளி என்ற தொழில்நுட்பமோ, வெளியுலகின் எந்த வசதியும் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டாலன்றி நிரலுக்குக் கிடைக்காது என்ற அடிப்படையில் தொடக்கத்திலிருந்தே வடிவமைக்கப்பட்டது.

அப்படியானால் மொழிக்குள் வேலி கட்டும் முயற்சி ஏன் தொடர்கிறது? செலவும் வேகமுமே முதன்மையான காரணங்கள். தனிச் செயல்முறையைத் தொடங்குவதற்கு நேரமும் நினைவகமும் தேவை. அதனுடன் தரவுகளைப் பரிமாறிக்கொள்வதும் சிக்கலானது. மொழிக்குள் அமையும் அடைப்போ, ஒரு தொகுப்பைச் சேர்த்து ஓரிரு வரிகள் எழுதினால் கிடைத்துவிடுகிறது.

வெளி வேலிகளும் முழுமையானவை என்று கூறுவதற்கில்லை. 2018 ஜனவரியில் வெளியான 'ஸ்பெக்டர்' என்ற குறைபாடு, கணினிச் சில்லுகளின் வடிவமைப்பைப் பயன்படுத்தி, ஒரே செயல்முறைக்குள் பிரித்து வைக்கப்பட்ட தரவுகளையும் ஊகித்தறிய முடியும் என்று காட்டியது. இயங்குதளங்களிலும் மெய்நிகர் கணினி மென்பொருட்களிலும் ஓட்டைகள் காணப்படுவதுண்டு.

வித்தியாசம், எத்தனை சுவர்களைத் தாண்ட வேண்டும் என்பதில் இருக்கிறது. மொழிக்குள் இருக்கும் வேலி மட்டும் இருந்தால் ஒரு பிழை போதும். அதற்கு வெளியே இயங்குதளத்தின் தடையும், அதற்கும் வெளியே மெய்நிகர் கணினியும் இருந்தால், தாக்குபவர் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பிழை கண்டாக வேண்டும்.

யார் எழுதிய நிரல்?

செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் தாமே நிரல் எழுதி, அதனை உடனடியாக இயக்கிப் பார்த்து விடை தரும் முறை அண்மைய ஆண்டுகளில் பரவி வருகிறது. அந்த நிரலை மனிதர் எவரும் வாசித்துப் பார்த்திருப்பதில்லை. மென்பொருளிடம் கேட்கப்படும் கேள்விக்குள்ளோ, அது வாசிக்கும் ஆவணத்துக்குள்ளோ தீங்கான கட்டளையைப் புகுத்திவைக்கவும் முடியும். நம்பத்தகாத நிரலை எங்கே இயக்குவது என்ற கேள்வி ஆகவே முன்னிலும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

மென்பொருள் சேவைகளை நடத்துவோர் இந்த அனுபவங்களிலிருந்து சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். தாம் நேரடியாகச் சேர்த்த தொகுப்புகளை மட்டுமன்றி, அவை தம்முடன் கொண்டுவந்த தொகுப்புகளின் பட்டியலையும் அறிந்திருக்க வேண்டும். அந்நியர் எழுதிய நிரல் இயங்கும் கணினியில், கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் தரவுகளும் இருக்கக் கூடாது. அந்த நிரலுக்குத் தேவையில்லையென்றால் வலையமைப்புத் தொடர்பையும் துண்டித்து வைக்கலாம்.

அடைப்பு ஒரு நாள் உடையும் என்று எதிர்பார்த்தே அதனைச் சுற்றியுள்ளவற்றை அமைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பராமரிப்பு தொடர்பான கேள்வியும் எஞ்சி நிற்கிறது. உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் திறந்த மூலத் தொகுப்புகளில் பல, ஒருசில தன்னார்வலர்களின் ஓய்வு நேர உழைப்பில் இயங்குகின்றன. வி.எம்.2-இன் ஓட்டைகளைத் தேடிக் கண்டறிய ஆய்வு நிறுவனங்கள் இருந்தன. அவற்றை அடைக்கும் பொறுப்போ மிகச் சிலரின் தோள்களில் இருந்தது.

அவர்கள் இனி இயலாது என்று 2023 ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்தது பயன்பாட்டாளர்களுக்குச் செய்த ஒரு சேவை என்றே கூற வேண்டும். பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு ஆபத்தான நிரலை இயக்குபவர், பாதுகாப்பு இல்லை என்று அறிந்து எச்சரிக்கையாக இருப்பவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.